லிஸ்பன் மேடுகளை எப்படிச் சுற்றுவது: பேட்டரி ஆட்டோவா, டிராமா, நடையா?

அம்மாவுக்கு 72 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். திருச்சியில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் உச்சிப்பிள்ளையாரை மூச்சு வாங்காமல் ஏறிப் பார்த்தவர், இப்போது அடிவாரத்து மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார். அப்படிப்பட்டவரை லிஸ்பனுக்கு அழைத்துப் போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும் எனக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம் வந்தது. ஏழு மலைகளின் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் அது. படிக்கட்டு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நாங்கள் நான்கு பேர்: அம்மா, நான், கணவர், 11 வயது மகன். கையில் இருந்தது மூன்று நாள். பழைய நகரத்தை எதில் ஏறிப் பார்ப்பது என்று முடிவு செய்யவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் யோசித்ததையும், போய்ப் பார்த்த பிறகு மாற்றிக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். வயதானவர்களோடு போகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு புரிய வேண்டும். நடுவில் பைஷா என்ற சமதளம். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் காலையில் வந்த நிலநடுக்கமும், தேஜு ஆற்றின் வழியே ஏறி வந்த ஆழிப்பேரலையும், அதற்குப் பின் நாள்கணக்கில் எரிந்த தீயும் இந்தப் பகுதியை அழித்துவிட்டன. அன்றைய அமைச்சர் பொம்பால் பிரபுவின் மேற்பார்வையில், கட்டம் போட்டதுபோல் நேர்நேரான தெருக்களாக அதைத் திரும்பக் கட்டினார்கள். அதற்குக் கிழக்கே மேட்டில் சாவ் ஜோர்ஜ் கோட்டை, அதன் சரிவில் அல்ஃபாமா, இந்தப் பக்கம் மொராரியா, இன்னும் மேலே கிராசா. அல்ஃபாமா கெட்டியான பாறைமேல் இருந்ததால் நிலநடுக்கத்தில் பெரும்பாலும் தப்பித்தது. அதனால்தான் அரபு ஆட்சிக்காலத்துச் சந்துகளின் நெளிவு இன்றும் அப்படியே இருக்கிறது. பைஷாவுக்கு மேற்கே இன்னொரு மேட்டில் ஷியாடு, பைரோ ஆல்டோ. இவை எல்லாவற்றிலிருந்தும் தள்ளி, ஆற்றோரமாக மேற்கே 6 கிலோமீட்டர் போனால் பெலேம்.

சமதளம், மேடு, ஆற்றங்கரை என்று ஊர் மூன்று விதமாகக் கிடக்கிறது. மூன்றையும் ஒரே வண்டியில் பார்த்துவிடலாம் என்று நினைத்ததுதான் நான் முதலில் செய்த தப்பு.

இரண்டடுக்குச் சுற்றுலா பஸ்ஸை நான் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். எங்கு வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம் என்பது நல்ல வசதிதான். ஆனால் அந்த உயரமும் அகலமும் அல்ஃபாமாவின் சந்துக்குள் நுழையாது. நாம் பார்க்க வந்த இடத்தின் வெளி ஓரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பெரிய சாலைகளும் ஆற்றங்கரையும் போதும் என்பவர்களுக்குச் சரி.

28-ஆம் எண் டிராம்

லிஸ்பன் என்றாலே எல்லோர் மனதிலும் வரும் மஞ்சள் டிராம் இதுதான். மார்டிம் மொனீஸ் சதுக்கத்தில் கிளம்பி, கிராசா ஏறி, அல்ஃபாமா வழியாக இறங்கி, பைஷாவைக் கடந்து, எதிர்மேட்டில் ஏறி கம்போ டி ஓரிக் வரை போகிறது. பேட்டரி வண்டிச் சுற்றுலா என்று இன்று புதிதாகப் பேசுகிறோம். இந்த ஊரில் மின்சார டிராம் 1901-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. தண்டவாளத்தின் அகலம் வெறும் 900 மில்லிமீட்டர். இன்று ஓடும் பெட்டிகள் 1930-களில் உருவானவை. பின்னாளில் உள்ளே இயந்திரங்களை மாற்றினாலும் மரப்பலகையும் பித்தளைக் கைப்பிடியும் அப்படியே இருக்கின்றன. சில ஏற்றங்களில் சரிவு நூற்றுக்கு 13-க்கும் மேல். பற்சக்கரம், இழுவைக் கம்பி எதுவும் இல்லாமல், இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறுவதைப் பார்க்கும்போது, அதைச் செய்த பொறியாளர்கள்மேல் நிஜமாகவே மரியாதை வருகிறது. அல்ஃபாமாவில் ஓர் இடத்தில் ஒற்றைத் தடம்தான். எதிரே வரும் டிராம் கடந்து போகும்வரை சிக்னலில் நிற்கிறது. பக்கத்து வீட்டுச் சுவர் கை நீட்டினால் தொடும் தூரம்.

இவ்வளவு அருமையான வண்டி ஏன் எங்களுக்கு ஒத்துவரவில்லை? உட்கார இருபதே இருக்கை. கோடைக்காலத்தில் மார்டிம் மொனீஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றாலும் ஆச்சரியம் இல்லை. நடுவழியில் ஏறினால் நின்றுகொண்டுதான் போக வேண்டும். குலுங்கி, திடீரென்று பிரேக் போட்டு, வளைவில் ஒருபக்கம் சாயும் வண்டியில் முழங்கால் வலி உள்ளவர் நிற்க முடியாது. நெரிசலில் ஜன்னல் பக்கம் இருப்பவருக்கு மட்டும்தான் ஊர் தெரியும், மற்றவர்களுக்கு முன்னால் நிற்பவரின் முதுகு. பிக்பாக்கெட்டுக்கும் இந்தத் தடம் பெயர்போனது, பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்லி எல்லோரும் எச்சரிப்பார்கள். இன்னொன்றும் இருக்கிறது. இது அந்த ஊர்க்காரர்கள் வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற பொதுப் போக்குவரத்து. காய்கறிப் பையோடு ஒரு பாட்டி நிறுத்தத்தில் நின்று, நிரம்பி வழியும் டிராமை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு ஆளாக இருக்க வேண்டுமா என்று அப்போது தோன்றியது.

ஆனாலும் டிராமை விட்டுவிடச் சொல்லமாட்டேன். காலை 8 மணிக்கு முன்போ, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகோ ஏறுங்கள். அல்லது கம்போ டி ஓரிக் முனையிலிருந்து கிளம்புங்கள், அங்கே வரிசை குறைவு. ஒரு நாள் முழுக்க டிராம், பஸ், மெட்ரோ எல்லாவற்றுக்கும் செல்லும் 24 மணி நேர டிக்கெட் ஆளுக்கு ஏறத்தாழ 7 யூரோ. வண்டியில் ஏறித் தனி டிக்கெட் வாங்கினால் மூன்று யூரோவுக்கு மேல் ஆகிவிடும். 12-ஆம் எண் டிராமும் அல்ஃபாமா பக்கம் போகிறது, கூட்டம் கொஞ்சம் குறைவு. கோட்டை வாசல்வரை மட்டும் போக வேண்டுமென்றால் 737-ஆம் எண் குட்டி பஸ் இருக்கிறது. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, வயதானவர்களுக்கு இது நல்ல உதவி.

பைஷாவிலிருந்து மேலே தூக்கிப்போகும் சான்டா ஜஸ்டா லிஃப்ட்டையும் பலர் கேட்பார்கள். 1902-இல் திறந்த 45 மீட்டர் இரும்புக் கோபுரம், முதலில் நீராவியில் ஓடி 1907-இல் மின்சாரத்துக்கு மாறியது. அழகான வேலைப்பாடு. ஆனால் வரிசையில் நிற்கும் நேரத்தில் மெட்ரோவின் பைஷா-ஷியாடு நிலையத்துக்குள் நுழைந்து, அதன் எஸ்கலேட்டர்களில் ஏறி மேல்மேட்டில் வெளியே வந்துவிடலாம். மேட்டில் ஏறும் இழுவை ரயில்களைப் பற்றி எழுத மனம் கனக்கிறது. அவற்றில் ஒன்றான குளோரியா 2025 செப்டம்பர் 3 அன்று தடம்புரண்டு 16 பேர் இறந்துபோனார்கள். மற்ற இழுவை ரயில்களையும் அப்போது நிறுத்திவிட்டார்கள். நீங்கள் போகும் நேரத்தில் எது ஓடுகிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், அவற்றை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

வழிகாட்டியோடு நடப்பது

ஆறு ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் நடத்திக் கூட்டிப்போகும் சுற்றுகள் லிஸ்பனில் நிறைய. முன்பணம் இல்லாமல், முடிவில் நாம் விரும்பியதைக் கொடுக்கும் முறையும் உண்டு, ஆளுக்கு 10 முதல் 15 யூரோ கொடுப்பது மரியாதை. கதை கேட்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. நின்று, திரும்பிக் கேட்டு, சந்தேகம் கேட்டு, ஒரு கடையில் காபி குடித்து நகரலாம்.

பைஷா, ஷியாடு பகுதிக்கு இதைத்தான் சொல்வேன். பைஷா சமதளம், ஷியாடு மேட்டுக்கு மேலே சொன்ன மெட்ரோ எஸ்கலேட்டர் இருக்கிறது. சாவ் டொமிங்கோஸ் தேவாலயத்துக்குள் போனால் 1959 தீவிபத்தில் வெந்துபோன தூண்களை அப்படியே விட்டு வைத்திருப்பதைப் பார்க்கலாம். அதன் வாசல் சதுக்கத்தில், 1506-இல் இங்கே கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவுக்கல் இருக்கிறது. ஓடிக்கொண்டே பார்க்கிற இடங்கள் இல்லை இவை. கார்மோ மடத்தின் கூரை 1755-இல் விழுந்தது, பிறகு போடவே இல்லை. வானத்தைத் தாங்கி நிற்கும் அந்த வளைவுகளுக்கு முன்னால் உள்ள சிறிய சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று மார்செலோ கயேட்டானோவின் சர்வாதிகார அரசு சரணடைந்தது. ஒரு நிழல் பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது என் மகன் ஃபோனைக் கீழே வைத்தான்.

கிழக்கு மேட்டில் கதை வேறு. அங்கே நடைச் சுற்று என்றால் படிகள், திரும்பவும் படிகள். போதாததற்கு லிஸ்பனின் நடைபாதை முழுக்கக் கையால் பதித்த சின்னச்சின்னச் சுண்ணாம்புக் கற்கள். வெள்ளையும் கறுப்புமாக அலை அலையாகப் பதித்த அழகில் கண் நிற்கும், கால் வழுக்கும். காலங்காலமாகத் தேய்ந்து மெருகேறிய கல், தூறல் விழுந்தால் எண்ணெய் தடவியது போலாகிவிடும். குழுவோடு போகும்போது பின்தங்கினால் அம்மா கூச்சப்படுவார், வலியை வெளியே சொல்லமாட்டார். அதனால் கிழக்கு மேட்டுக்கு இதை எடுத்துவிட்டேன்.

மோட்டார் வைத்த சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கிறது. இளையவர்களுக்கு ஏற்றம் ஒரு பொருட்டே இல்லாமல் போய்விடும். ஆனால் பழைய நகரத்தில் டிராம் தண்டவாளத்தின் இடுக்கில் முன்சக்கரம் சிக்கினால் கீழே விழுவது நிச்சயம். பெலேம்வரை உள்ள ஆற்றோரச் சமதளத்தில் ஓட்டுவதற்கு அருமையாக இருக்கும்.

பேட்டரி ஆட்டோ

லிஸ்பன்காரர்கள் டுக் டுக் என்கிறார்கள். நமக்கு அது ஆட்டோ, வேறென்ன. மூன்று சக்கரம், துணிக் கூரை, திறந்த பக்கங்கள். பின்னால் எதிரெதிராகவோ முன்பின்னாகவோ நான்கு முதல் ஆறு பேர் உட்காரலாம். ஓட்டுபவரே கதையும் சொல்கிறார். முதலில் பெட்ரோல் வண்டிகள்தான் வந்தன. சத்தமும் புகையும் தாங்காமல் குடியிருப்பவர்கள் கொதித்துப் போனார்கள். இப்போது நாம் பார்ப்பதில் பெரும்பாலானவை பேட்டரி வண்டிகள்.

பேட்டரி என்றால் காற்று கெடாது என்றுதான் பொதுவாகச் சொல்வோம். சுற்றுலாவுக்கு அதைவிட முக்கியமான லாபம் ஒன்று இருக்கிறது என்று அன்று காலையில் புரிந்துகொண்டேன். வண்டி சத்தம் போடாததால் ஓட்டுபவரின் குரல் கேட்கிறது. அவர் கத்த வேண்டியதில்லை, நாம் காதைக் குவிக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் புரியும். நான் இடையில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏற்றத்தில் உறுமும் இன்ஜின் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த மூன்று வழிப் பேச்சு நடந்திருக்காது.

எங்களுக்கு வாய்த்தவர் வரலாறு படித்த இளைஞர். மொராரியாவின் ஒரு சந்தில் வண்டியை மெதுவாக்கி, மேல்மாடியைக் காட்டி ஏதோ சொன்னார். வாக்கியத்துக்கு நடுவில் 'ஜனெலா' என்று ஒரு சொல் வந்தது. நான் மொழிபெயர்க்கும் முன்பே அம்மா நிமிர்ந்தார்.

"ஜன்னலா? ஜன்னலைத்தானே தம்பி சொல்றாரு?"

நான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தமிழில் ஜன்னல் என்பது போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது என்று. அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். அப்புறம் பத்து நிமிடம் ஊர் பார்க்கவில்லை. அவர் 'ஷாவ்' என்றார், அம்மா "சாவி!" என்றார். அவர் 'மேஸா', இவர் மேசை. அவர் 'அர்மாரியு', இவர் அலமாரி. கடைசியில் 'மெஸ்த்ர' என்றதும் அம்மா எங்கள் வீடு கட்டிய மேஸ்திரியின் பெயரையே சொல்லிவிட்டார். ஐந்நூறு ஆண்டுக்கு முன் கப்பலேறி வந்த சொற்கள், அவை கிளம்பிய ஊரில் ஓர் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து சரிபார்க்கப்பட்டதாக எனக்குத் தோன்றியது. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்ட முதல் நூல் 1554-இல் இதே லிஸ்பனில்தான் வெளிவந்தது என்பதை நான் சொன்னபோது, அந்த இளைஞர் அதைத் தன் கைபேசியில் குறித்துக்கொண்டார்.

அங்கிருந்து செனோரா டோ மொன்டே மேடு. நகரத்தின் உயரமான காட்சி முனைகளில் ஒன்று. கோட்டை, ஆறு, ஏப்ரல் 25 பாலம், பைஷாவின் சிவப்புக் கூரைகள் எல்லாம் ஒரே பார்வையில். அங்குள்ள சின்னத் தேவாலயத்தில் ஒரு கல் இருக்கை உண்டு. கர்ப்பிணிகள் அதில் உட்கார்ந்து சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொள்வார்களாம். அம்மாவுக்கு இது உடனே புரிந்தது, விளக்கம் தேவைப்படவில்லை. அந்த மேட்டுக்கு நடந்து ஏறியிருந்தால் ஏறி முடித்த களைப்பில் அவர் எதையும் பார்த்திருக்கமாட்டார்.

பிறகு கிராசா வழியாக சாவ் விசென்டே டி ஃபோரா, அதற்குப் பின்னால் வெள்ளைக் குவிமாடத்தோடு சான்டா எங்கிராசியா. 1682-இல் கட்டத் தொடங்கி 1966-இல் முடித்த கட்டடம். முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் வேலைக்கு 'சான்டா எங்கிராசியா வேலை' என்று போர்ச்சுகீசியர்களிடம் சொலவடையே இருக்கிறது. இன்று அது தேசிய நினைவாலயம், ஃபாடு என்ற சோகப் பாட்டு வகையின் பாடகி அமாலியா ரொட்ரீகஸின் கல்லறை அங்கேதான். செவ்வாயும் சனியும் போனால் பக்கத்து மைதானத்தில் பழம்பொருள் சந்தை கூடும்.

கடைசி நிறுத்தம் சான்டா லுசியா. தேவாலயத்தின் வெளிச்சுவரில் நீல ஓடுகளில் இரண்டு பெரிய சித்திரங்கள். ஒன்றில் நிலநடுக்கத்துக்கு முந்தைய ஆற்றங்கரைச் சதுக்கம். இன்னொன்றில் 1147-இல் போர்ச்சுகலின் முதல் மன்னர் அஃபோன்சு என்ரிக்கஸின் படை கோட்டையைப் பிடிக்கும் காட்சி. அதில் மூடப்போகும் கோட்டைக் கதவுக்கு இடையில் தன் உடலைக் கொடுத்து நிறுத்தும் வீரன்தான் மார்டிம் மொனீஸ் என்பது கதை. "நேத்து டிராமுக்கு நின்னோமே, அந்த ஸ்டாப் பேரா?" என்றான் மகன். ஆமாம், அதே பெயர். நிறுத்தத்தின் பெயராக இருந்தது அவனுக்கு அன்றைக்குத்தான் ஒரு மனிதன் ஆனது.

இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு. அம்மா ஏறிய படிகள் மொத்தம் இருபதுகூட இருக்காது.

இனி குறைகள். விலை அதிகம். நாங்கள் போனபோது மணிக்கு 60 யூரோவிலிருந்து பேச்சு ஆரம்பித்தது; இடத்தையும் பருவத்தையும் பொறுத்து ஏறும் இறங்கும். இது வண்டிக்கான விலை, தலைக்கு அல்ல. இரண்டு மணி நேரத்துக்கு நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 30 யூரோ. ஒரு நாள் டிராம் டிக்கெட்டைப்போல நான்கு மடங்கு. தனியாகப் போகிறவருக்கு 120 யூரோ என்பது நியாயமே இல்லை.

அடுத்தது, கதையின் தரம் முழுக்க ஓட்டுபவரைப் பொறுத்தது. அதே ஊரில் மறுநாள் மாலை ஒரு சின்னத் தூரத்துக்கு வேறொரு வண்டியில் ஏறினோம். அவர் காட்டிய முதல் இடமே நினைவுப்பொருள் கடை, இரண்டாவது இன்னொரு கடை. கோட்டையைக் கட்டியது யார் என்று மகன் கேட்டதற்கு 'ராஜா' என்று மட்டும் பதில் வந்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது மூன்றாவது குறை. அல்ஃபாமாவின் உண்மையான உட்பகுதிக்கு ஆட்டோவும் போகாது. துணி காயும் கொடிகளுக்குக் கீழே, இரண்டு ஆள் சேர்ந்து நடக்க முடியாத சந்துகளில், வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு ஜின்ஜா என்ற செர்ரிப்பழ மது விற்கும் பாட்டிகளை வண்டியிலிருந்து பார்க்க முடியாது. வண்டி போகிற இடங்களிலும் நாம் விருந்தாளிகள்தான். வாடகை ஏறி, பழைய குடும்பங்கள் வெளியேறி, வீடுகள் சுற்றுலா விடுதிகளாகிவரும் பகுதி அது. காட்சி முனைகளில் வரிசையாக ஆட்டோக்கள் நிற்பது அங்கே மிச்சம் இருப்பவர்களுக்கு எவ்வளவு தொல்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன். பேட்டரி சத்தத்தைத்தான் குறைக்கிறது, நெரிசலை அல்ல. நகராட்சி பல தெருக்களில் இந்த வண்டிகள் ஓடவும் நிற்கவும் கட்டுப்பாடு வைத்திருப்பது சரியான காரியம். ஒரு தெருவுக்குள் போக முடியாது என்று ஓட்டுபவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

எதற்கு எது

இதையெல்லாம் பார்த்தபின் எனக்கு வந்த முடிவு: லிஸ்பனில் ஏற்றத்துக்குக் காசு கொடுங்கள், இறக்கத்தில் நடந்து வாருங்கள். பேட்டரி ஆட்டோவை முதல் நாள் காலையில், கிழக்கு மேட்டுக்கு மட்டும், இரண்டு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் என்பதற்குக் காரணம், ஊர் எப்படிக் கிடக்கிறது என்று மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த நாள்களில் வழி தவறினாலும் பயம் இருக்காது. காலை என்பதற்குக் காரணம் வெயிலும் கூட்டமும். காட்சி முனைகளில் 9 மணிக்கு இருக்கும் அமைதி 11 மணிக்கு இருக்காது.

ஆட்டோவைப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வரச் சொல்லாதீர்கள். சான்டா லுசியாவிலோ, அதை அடுத்துள்ள போர்டாஸ் டோ சோல் முனையிலோ இறங்கிக்கொள்ளுங்கள். அங்கே நிழலும் பெஞ்சும் காபிக்கடையும் உண்டு. நாங்கள் அப்படித்தான் செய்தோம். அம்மாவும் கணவரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் மகனும் படிகளில் இறங்கி முக்கால் மணி நேரம் அல்ஃபாமாவுக்குள் காணாமல் போனோம். பிறகு அம்மாவைக் கீழே உள்ள பேராலயம்வரை மெதுவாக, தார்ச்சாலை ஓரமாகவே நடத்திக் கூட்டிவந்தோம். இறக்கத்திலும் முழங்கால் வலிக்கும் என்பதை மறக்கக்கூடாது. அம்மாவுக்கு அந்தத் தூரமே எல்லை. மீதிக்கு டிராம் ஏறினோம், அந்த நேரத்தில் இரண்டு இருக்கை காலியாக இருந்தது.

இரண்டாம் நாள் பைஷா, ஷியாடு. வழிகாட்டியோடு நடை. மூன்றாம் நாள் பெலேம். பெலேமுக்கு ஆட்டோ பேசுகிறவர்களைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடத் தோன்றுகிறது. போக வர பெரிய சாலை, வேகமாகப் போகும் கார்கள், திறந்த வண்டியில் காற்று மூஞ்சியில் அடிக்கும், கதையும் கேட்காது. மணிக்கணக்கில் காசு ஓடும். கயிஸ் டோ சொட்ரே நிலையத்திலிருந்து ரயிலில் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். 15-ஆம் எண் டிராமும் இருக்கிறது. இது நீளமான புது வகை, ஏறி இறங்க எளிது. ஜெரோனிமோஸ் மடம் திங்கட்கிழமை மூடியிருக்கும், அதைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். அதன் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. கோழிக்கோட்டுக்கு வந்தவரைப் பற்றிப் பள்ளியில் படித்த நமக்கு, அதன் முன்னால் நிற்கும்போது பெருமை, கோபம் எல்லாம் கலந்து வருகிறது. 1837-இலிருந்து முட்டைப் பாலாடை நிரப்பிய பாஸ்டல் என்ற இனிப்பைச் சுடும் கடை நடக்கும் தூரத்தில்தான். வரிசை நீளமாகத் தெரிந்தாலும் உள்ளே உட்கார இடம் நிறைய.

ஆட்டோ பிடிக்கும்போது சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். பேட்டரி வண்டியா என்பது முதல் கேள்வி. விலை வண்டிக்கா, ஆளுக்கா, எவ்வளவு நேரத்துக்கு என்பதை ஏறும் முன் பேசி முடியுங்கள். எந்தெந்த இடத்தில் நிறுத்துவார், எங்கே இறக்கிவிடுவார் என்பதைக் கைபேசி வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். கடைகளில் நிறுத்த வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். ஓட்டுபவருக்கு ஊர் தெரியுமா என்று பார்க்க நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன்: நிலநடுக்கத்துக்குப் பிறகு பைஷாவில் கட்டிய வீடுகளின் சுவருக்குள் என்ன இருக்கிறது? குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் அடித்த மரக்கூண்டு என்பது விடை. அடுத்த அதிர்ச்சி வந்தால் கல் உதிர்ந்தாலும் வீடு ஒரேயடியாகச் சரியாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அதன் மாதிரியைச் சுற்றிப் படைவீரர்களைத் தரை அதிர நடக்கவைத்துச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். எங்கள் இளைஞர் இந்தக் கேள்வியைக் கேட்டதும் கண் விரிய, இரண்டு கைவிரல்களையும் பின்னிக் காட்டினார். அப்போதே ஏறி உட்கார்ந்துவிட்டோம்.

வயதானவர்களை எந்த இருக்கையில் உட்கார வைப்பது என்பதும் முக்கியம். பின்னோக்கி இருக்கும் இருக்கை ஏற்றத்தில் ஆளை முன்னால் தள்ளும். முன்னோக்கிய இருக்கையில், கைப்பிடி உள்ள ஓரத்தில் உட்கார வையுங்கள். வண்டியின் தரை உயரம் சிலவற்றில் அதிகம்; நடைபாதை விளிம்பை ஒட்டி நிறுத்தச் சொன்னால் ஏறுவது சுலபம். மேட்டில் காற்று பலமாக வீசும், கோடையிலும் ஒரு சால்வை வேண்டும். மழை என்றால் பக்கங்களில் பிளாஸ்டிக் திரை இறக்குவார்கள், அப்போது வெளியே ஒன்றும் தெரியாது. மழை நாளில் ஆட்டோவைத் தள்ளிப்போட்டுவிட்டு ஏதாவது அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

இதெல்லாம் எங்கள் குடும்பத்துக்கான கணக்கு. முழங்கால் நன்றாக இருக்கும் இருவர் போகிறீர்கள் என்றால் ஆட்டோவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 737 பஸ்ஸில் கோட்டைக்கு ஏறி, அங்கிருந்து அல்ஃபாமா வழியாக ஆறுவரை நடந்து இறங்குங்கள், மிச்சப் பணத்தில் ராத்திரி ஃபாடு கேளுங்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஆட்டோவில் குழந்தை இருக்கை இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், பலவற்றில் இருக்காது. தனியாகப் போகிறவர், விடுதியில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ள முடிந்தால் மட்டும் ஆட்டோ பேசலாம். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, கூட அம்மாவோ அப்பாவோ இருக்கிறார் என்றால், காலை 9 மணிக்கு பைஷாவில் ஒரு பேட்டரி ஆட்டோவைப் பிடித்து, முதலில் செனோரா டோ மொன்டேவுக்கு விடச் சொல்லுங்கள்.